றொக்சன் பேசிய படம்

என் பதிவுக்கு முதலில் வந்த பதில் ஒரு புள்ளி. எழுத்தில்லை, படமில்லை, வெறும் புள்ளி. எதற்கு என்று கேட்டேன். "யாராச்சும் லிங்க் போட்டா எனக்கும் தெரிய வரும்ல அக்கா, அதுக்குத்தான்" என்று பதில் வந்தது. ஆள் பெயர் துஷாந்த். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு யாருடையதோ ஒரு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற படம் வைத்திருந்தான். கையில் மட்டும் கிடைத்திருந்தால் எங்கள் கடை லெமினேட்டிங் மெசினுக்குள் அவனைச் செருகி எடுத்திருப்பேன்.

நான் பொகவந்தலாவை பஜாரில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், எல்லாம் நாங்கள்தான். பெயர் யூஜினா. "வாய்க்காரி யூஜினா" என்று கேட்டால் கடையைக் காட்டிவிடுவார்கள்.

நான் பதிவு போட்டது ஒரு முகநூல் குழுவில். தேடியும் கிடைக்காத படங்களுக்காக ஏங்குகிறவர்கள் கூடுகிற இடம் அது. மன்னாரில் ஒருவர், கடைசிக் காட்சி ஓடும்போது கரண்ட் போய்விட்டதால் கதாநாயகி பிழைத்தாளா செத்தாளா என்று தெரியாமல் வருசக்கணக்காக ஒரு படத்தைத் தேடுகிறார். வவுனியாவில் ஒரு டீச்சர், "எப்பதான் ஒன்லைன்ல விடுவாங்களோ" என்று மாதம் தவறாமல் வந்து புலம்பிவிட்டுப் போவார். பாவம்தான் எல்லோரும். ஆனால் அந்தப் படம் கிடைக்காவிட்டால் வேறொன்றைப் பார்த்துவிட்டுத் தூங்குவார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. எனக்கு வேண்டிய படத்தில் என் தம்பி றொக்சன் பேசுகிறான். செத்துப்போன என் தம்பியின் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

படத்தின் பெயர் 'பதினேழாம் நம்பர் மலை'. தோட்டத்தில் தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டையும் மலை என்போம், ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. அழகன் என்று ஒரு டிரெக்டர் கொழும்பிலிருந்து ஆட்களோடு வந்து எங்கள் தோட்டத்தில் எடுத்தார். றொக்சன் அப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். அவர்களுக்குத் தேத்தண்ணி சுமந்தான், வயர் சுற்றினான், மழை வந்தால் கெமராவுக்குக் குடை பிடித்தான். ஒரு நாள் நடிக்க வரவேண்டிய ஆள் பஸ் பழுதாகி வரவில்லை. அந்த வேசத்தைத் தூக்கி இவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு காட்சி. கொழுந்து மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கண்டாக்கையா முன்னால் வந்து நிற்கவேண்டும். கண்டாக்கையா என்றால் மலையில் வேலை வாங்குகிறவர். அவரிடம், "எங்க அம்மாவுக்கு ஒடம்பு முடியலங்க" என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் வசனம். இந்த நாலு சொல்லையும் அவன் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தான் தெரியுமா? அழுதுகொண்டு, முறைத்துக்கொண்டு, பல் தேய்த்துக்கொண்டு. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளை லயம் என்போம்; எங்கள் லயத்து நாய்க்குக்கூட அது மனப்பாடம்.

"ஏன்டா, எனக்கு நல்லாத்தானே இருக்கு. ஊரெல்லாம் ஒடம்பு முடியலன்னு சொல்லித் திரியிற?" என்று அம்மா கேட்பாள்.

"படம் வரட்டும்மா. ஒனக்குன்னே அதுல ஒண்ணு வெச்சிருக்கேன்" என்பான்.

வசனத்தில் அம்மா வருகிறாளே, அதைத்தான் சொல்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

படம் கொழும்பில் ஒரு தடவை போட்டார்கள், யாழ்ப்பாணத்தில் ஒரு தடவை போட்டார்கள். அப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் நடத்திய ஒரு தளத்தில் சில மாதம் ஓடியது. அதைப் பார்க்க அங்கத்து பேங்க் கார்டு வேண்டும், எங்களிடம் ஏது? பிறகு அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். நடித்தவன் தன் மூஞ்சியைத் திரையில் பார்க்கவே இல்லை.

போன கார்த்திகை மழையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து வீட்டின் மேல் இறங்கியது. அம்மா வேலையில் இருந்தாள். நான் கடையில் இருந்தேன். றொக்சன் வீட்டில் படுத்திருந்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

இப்போது நானும் அம்மாவும் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறோம். ஆரம்பத்தில் அம்மா அழுதாள், சாப்பிட்டாள், பூசைக்குப் போனாள். எல்லாத் தாய்களையும் போலத்தான் இருந்தாள். ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யூஜினா, அவன் மொகம் வருது. கொரல் வரமாட்டேங்குது."

"வரும்மா. சும்மா இரு."

"இல்லடி. ரோலர் ஓடுற சத்தம் காதுல இருக்கு. காலையில வேலைக்குக் கூப்புடுற பெரட்டு மணி இருக்கு. அவன் யம்மான்னு கூப்புடுறது மட்டும் இல்ல. எங்கடி போச்சு அது?"

அன்றிலிருந்து அதே பேச்சு. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால், உள்ளே தேடுகிறேன் என்பாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு மறந்துவிடுவாள். நான் என் போனைக் குடைந்தேன். நாசமாய்ப்போனவன் ஒரு குரல் செய்திகூட அனுப்பியதில்லை, அனுப்பியதெல்லாம் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள். அவன் சிநேகிதர்களிடம் டிக்டொக் வீடியோ இருந்தது. அதில் அவன் தோளை ஆட்டிக்கொண்டு நடந்து வருவான், முதுகைக் காட்டிக்கொண்டு போவான், யாரோ பாடிய பாட்டு ஓடும். கடைசியில் நானே அவனைப் போல ஒரு தடவை "யம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "அவன் இப்பிடி மூக்கால பேசமாட்டான்" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அம்மாவுக்கு ஒரு குற்ற உணர்ச்சி வேறு. அதைச் சொல்லவேண்டுமென்றால் அவளுடைய வேலையைச் சொல்லவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அம்மா அங்கே கொழுந்தை உருட்டுகிற ரோலர் மெசின் பக்கத்தில் வருசக்கணக்காக நின்றவள். மெசின் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விளங்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அந்தக் கோடியில் நிற்கிறவளோடு இந்தக் கோடியில் நின்றுகொண்டு ஊர்வம்பு முழுவதும் பேசி முடித்துவிடுவாள் அம்மா. றொக்சன் சின்னதிலேயே அதை அவளிடம் பிடித்துக்கொண்டான். மாதா கோயிலில் பூசை நடக்கும். ஆம்பிளைகள் பக்கமிருந்து அவன் உதட்டை அசைப்பான், பொம்பிளைகள் பக்கமிருந்து அம்மா பதிலுக்கு அசைப்பாள், பிறகு இரண்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழங்காலில் நிற்கும். எனக்கு அந்தப் பேச்சு வரவே வராது. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். பல நாள் அது உண்மையாகவும் இருந்தது.

"சத்தமில்லாமப் பேசிப் பேசியே அவன் சத்தத்தத் தொலைச்சுப்புட்டேன்டி" என்று அம்மா இப்போது தலையில் அடித்துக்கொண்டாள். "வாய் தொறந்து பேசுடான்னு சொல்லியிருக்கணும். கண்ணால பாத்தேனே தவிர காதுல வாங்கல."

அப்புறம்தான் படத்தின் ஞாபகம் வந்தது. அவளுக்குத்தான் முதலில் வந்தது. "அதுல அம்மான்னு சொல்றான்ல? கொண்டா அந்தப் படத்த" என்றாள். கடையில் போய் அரை றாத்தல் சீனி வாங்கி வா என்பது போலச் சொன்னாள்.

அதற்காகத்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். பதிவு போட்டு, புள்ளியும் வாங்கி, வாயில் வந்தபடி நாலு பேரைத் திட்டியும் முடித்த பிறகு, இந்தப் படத்தை வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று பெயரை அடித்துத் தேடிப் பார்த்தேன். ஒரு பழைய பதிவு வந்தது. போட்டிருந்தவன் றொக்சன்.

"வணக்கம். 'பதினேழாம் நம்பர் மலை' எங்க பாக்கலாம்? நான் நடிச்சிருக்கேன். அம்மாவுக்குக் காட்டணும்."

அதற்குக் கீழே ஒரே ஒரு பதில்தான் இருந்தது. புள்ளி. அதே துஷாந்த். அந்தப் புள்ளிக்குக் கீழே என் தம்பி, "நன்றி அண்ணா" என்று எழுதியிருந்தான்.

கடையில் போட்டோ கொப்பிக்கு ஆட்கள் நின்றார்கள். நான் மெசினுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு எழுந்து வந்து துஷாந்துக்கு ஒரு பதில் எழுதினேன். அதை இங்கே எழுத முடியாது. குழுவை நடத்துகிறவரே எனக்குப் போன் போட்டுவிட்டார்.

அவர் பெயர் சுகந்தன். வட்டகொடை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறார். பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் கோவத்தக் கொறைங்க. இங்க எல்லாரும் நம்ம மாதிரி படப் பைத்தியங்கதான்."

"எனக்குப் படப் பைத்தியம் இல்ல தம்பி. எங்கம்மாவுக்குப் பைத்தியம் புடிக்கப் போவுது. அதுக்குத்தான் கேக்குறேன்."

விசயம் முழுவதையும் சொன்னேன். டிரெக்டர் அழகனின் நம்பரைத் தேடிக் கொடுத்தார். நான் உடனே அவருக்குப் போன் போட்டேன். அழகனுக்கு றொக்சனை ஞாபகம் இருந்தது. ஆனால் படம் அவரிடம் இல்லை. காசு போட்டவரோடு சண்டையாம், அவர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டாராம், போன் எடுத்தாலும் பேசமாட்டாராம்.

"எங்கிட்டயே ஒரு கொப்பி இல்லம்மா. பெத்த புள்ளைய யாரோ தூக்கிட்டுப் போன மாதிரி இருக்கு."

"பெத்த புள்ளைய மண்ணு தூக்கிட்டுப் போன பொம்பள ஒண்ணு இங்க மேல படுத்திருக்கு சார். நீங்க படத்தப் பத்தி மட்டும் பேசுங்க."

அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க கெடைச்சாலும் எடுத்துக்கங்க. யாரு கேட்டாலும் நான் குடுத்தேன்னு சொல்லுங்க" என்றார்.

அம்மாவிடம் தேடுகிறோம் என்று மட்டும் சொன்னேன். அவள் கிடைத்துவிட்டது என்று காதில் வாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். றொக்சன் செத்த வருசப் பூசைக்கு முந்திக் கேட்டுவிடவேண்டும் என்றாள். கோயிலில் போய் எல்லோரிடமும் சொன்னாள். "எம் புள்ள பேசுறான், வாங்க, கேக்கலாம்" என்று பாதரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். நான் பயந்துபோனேன். கிடைக்காவிட்டால் இந்தப் பொம்பிளையை நான் எப்படித் தாங்கிப் பிடிப்பேன்?

சுகந்தன் என் கதையைக் குழுவில் எழுதினார். "இது ஆசை இல்லை, அவசரம்" என்று தலைப்புப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு அந்தப் படப் பைத்தியங்கள் செய்ததை நான் உயிருள்ளவரை மறக்கமாட்டேன். மன்னார்க்காரர் தன் கதாநாயகியை அப்படியே விட்டுவிட்டு வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார். வவுனியா டீச்சர் தன்னிடம் படித்த பிள்ளைகளைக் கிளப்பிவிட்டார். அந்தத் தளத்துக்குக் காசு கட்டிய ஆள் யார், மூடுவதற்கு முன்னால் இறக்கி வைத்தவர் யார் என்று நாடு நாடாக விசாரித்தார்கள். எல்லா இடத்திலிருந்தும் இல்லை, இல்லை என்றுதான் வந்தது. கீழே கடைக்கு வரும்போதெல்லாம் அம்மா, "வந்துருச்சா?" என்று கேட்பாள். "வருதும்மா" என்பேன். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அவள் மூஞ்சியைப் பார்க்கவே முடியாமல் போனது.

கடைசியில் கண்டுபிடித்தது யார் தெரியுமா? துஷாந்த். புள்ளிக்காரன். ஒரு சனிக்கிழமை எனக்கு அனுப்பினான்: "அக்கா திட்டாதீங்க. நோர்வேல எங்க பெரியம்மா மகன்கிட்ட இருந்திச்சு. இந்தாங்க." கீழே லிங்க் இருந்தது. அதற்கும் கீழே, "தம்பி கேட்டப்பவே நான் தேடியிருக்கணும்" என்று எழுதியிருந்தான். நான் பதில் போடவில்லை. என்னால் அப்போது எழுத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் கடையைப் பாதி திறந்து வைத்தோம். முதலாளி தடுக்கவில்லை, அவரும் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் பழைய லயத்திலிருந்து ஜெயந்தினி அக்கா இன்னும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா திருவிழாவுக்குக் கட்டுகிற நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். குரல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று நான் பக்கத்துக் கடையில் பெரிய ஸ்பீக்கர் இரண்டு இரவல் வாங்கி வந்து கொம்பியூட்டரில் கொழுவினேன். சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

றொக்சனின் காட்சி வர நேரமெடுத்தது. யாரும் எழுந்து போகவில்லை. பிறகு பனிக்குள்ளிருந்து கொழுந்து மூட்டையோடு ஒருவன் இறங்கி வந்தான். நடையிலேயே தெரிந்துவிட்டது.

"அந்தா" என்று ஜெயந்தினி அக்கா கத்தினாள். "அந்தா வாறான்!"

அம்மா இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். அவன் மூட்டையோடு வந்து நின்றான். மழைத் தண்ணி மூக்கிலிருந்து சொட்டியது. நிமிர்ந்து கண்டாக்கையாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"என் தாயாருக்கு உடல் நலமில்லை ஐயா" என்று வேறு எவனோ பேசினான்.

நல்ல கனத்த குரல். ரேடியோவில் செய்தி வாசிக்கிற குரல். இரண்டு ஸ்பீக்கரிலும் கடை அதிர்ந்தது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது யாரு?" என்றாள். "யாருடி எம் புள்ள வாயில பேசுறது?"

நான் காட்சியைப் பின்னால் இழுத்து மறுபடி போட்டேன். மறுபடி போட்டால் மாறிவிடுமா என்ன? அதே குரல்தான் வந்தது. நான் படத்தை நிறுத்திவிட்டு அழகனுக்குப் போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் போட்டேன்.

"எந்தம்பி கொரல் எங்க சார்?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தடுமாறினார். அன்றைக்கு மழையும் காத்துமாக இருந்ததாம், மலையில் பிடித்த சத்தம் ஒன்றும் உதவவில்லையாம், எல்லோருக்கும் கொழும்பில் வைத்துக் குரல் கொடுத்தார்களாம். சின்னச் சின்ன ஆட்களுக்கெல்லாம் ஒரே ஆள்தான் பேசினாராம். வசனத்தையும் அங்கேயே மாற்றினார்களாம்.

"சரி. அவன் மலையில பேசினது எங்க? அதக் குடுங்க. மழச் சத்தத்தோட குடுங்க, பரவால்ல."

"அது கொரல் குடுக்கிறப்ப அளவு பாக்குறதுக்கு மட்டும் புடிக்கிறது தங்கச்சி. வேல முடிஞ்சதும் அழிச்சுட்டோம்."

"அழிச்சுட்டீங்க."

"ஆமா."

"அவனுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சின்னப் பையன், ரொம்ப ஆசையா இருந்தான். எனக்குச் சொல்ல மனசு வரல."

அம்மா நெற்றியை மேசையில் முட்டினாள். "ரெண்டாந்தரமும் பொதைச்சுட்டீங்களேடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பஜாரில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஜெயந்தினி அக்கா ஓடி வந்து நெற்றிக்கும் மேசைக்கும் நடுவில் கையை வைத்தாள். அம்மா அந்தக் கையிலும் முட்டினாள். "எனக்கு ஒரு வார்த்த போதும்னுதானே கேட்டேன். ஒரே ஒரு வார்த்த! அதையும் எவனோ எடுத்துக்கிட்டானே!"

நான் அழகனை என்ன சொல்லித் திட்டினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. மண்ணைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், மாதாவையும் விடவில்லை. போனைத் தூக்கி எறிந்த கையோடு கீபோர்டில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். சனியன், படம் கொஞ்சம் பின்னால் துள்ளி மறுபடி ஓட ஆரம்பித்தது. பனிக்குள்ளிருந்து அவன் மறுபடி இறங்கி வந்தான். அந்தச் செய்தி வாசிக்கிறவன் மறுபடி பேசப் போகிறான் என்று நினைத்ததும் எனக்கு வெறி வந்தது. ஸ்பீக்கர் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பிடுங்கினேன். பிளக் தெறித்துப் போய் விழுந்தது.

கடைக்குள் சத்தமே இல்லை. அம்மா நெற்றியைத் தூக்கினாள். திரையில் றொக்சன் நின்றான், மூக்கில் தண்ணி சொட்டச் சொட்ட. வாயைத் திறந்தான்.

அம்மாவின் அழுகை அப்படியே நின்றுபோனது.

"அவன் அதச் சொல்லல" என்றாள்.

"என்னாம்மா?"

"அந்த ஆளு சொன்னத இவன் சொல்லலடி. பின்னாடி இழு. இழுடி!"

நான் இழுத்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஸ்டோரில் ரோலருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைப் பார்க்கிற மாதிரி, கண்ணைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு பார்த்தாள்.

"எங்க" என்றாள். "அம்மாவுக்கு" என்றாள். "ஒடம்பு முடியலங்க."

அந்த இடம் எனக்கேகூடத் தெரிந்தது. வாய் திறந்து, இரண்டு உதடும் ஒட்டி, பிறகு மறுபடி திறந்தது. அம்மா. லயத்தில் அவன் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்த அதே அம்மா.

காட்சி அதோடு முடியவில்லை. கண்டாக்கையாவாக நடித்தவர் திரும்பிப் போகிறார். றொக்சன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேலே நடக்கிறான். ஸ்பீக்கர் ஓடும்போது அந்த இடத்தில் வயலின் அழுதுகொண்டிருந்தது, நாங்களும் அந்தத் தடியன் குரலில் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தோம், திரையை யாரும் பார்க்கவில்லை. இப்போது பார்த்தோம். படத்தை விட்டு வெளியே போகுமுன் அவன் ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்புகிறான். நேராகக் கெமராவைப் பார்க்கிறான். உதடு அசைகிறது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அசைகிறது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விடுகிறான்.

பூசையில் அந்தப் பக்கமிருந்து அவன் செய்கிற அதே வேலை.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

"என்னாம்மா சொல்றான்? சொல்லும்மா!"

"பசிக்குதாம்" என்றாள். "'யம்மா, பசிக்குது. ரொட்டி சுட்டு வையி'ங்கிறான். தின்னிப்பய. அத்தன பேரு சுத்தி நிக்கிறாங்க, நடிக்கிற எடத்துலயும் ரொட்டி கேக்குறான் பாரு."

ஒனக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன் என்று அவன் சொன்னது இதைத்தான். அவன் இதை வாய் விட்டுச் சொல்லவே இல்லை. அழகனுக்குத் தெரியாது, கெமராக்காரனுக்குத் தெரியாது, கொழும்பில் குரல் கொடுத்தவனுக்கும் தெரியாது. இதில் அழிப்பதற்கு ஒரு சத்தமும் இருக்கவில்லை.

"அவ்வளவுதானாம்மா?"

அம்மா தலையை ஆட்டினாள். இன்னும் இருக்கிறது என்று ஆட்டினாள். சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. மூன்றாவது தடவைதான் வந்தது.

"'இந்தா வந்துர்றேன்'ங்கிறான்டி."

ஜெயந்தினி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முதலாளி எழுந்து வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொரல் கேட்டுச்சாம்மா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

"இல்ல" என்றாள். "அது போயிருச்சு யூஜினா. அது இனி வராது." பிறகு திரையைக் காட்டி, "ஆனா பேசிட்டான்" என்றாள். "இன்னொருக்காப் போடு."

நான் போட்டேன். அவன் பனிக்குள்ளிருந்து இறங்கி வந்தான், நின்றான், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றான், மூட்டையைத் தூக்கினான், திரும்பினான். பசிக்குது என்றான், ரொட்டி சுட்டு வை என்றான், இந்தா வந்துவிடுகிறேன் என்றான். நான் இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவளும் உதட்டை அசைத்தாள். சத்தமில்லாமல், அவன் முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவன் போவதற்குள் பதில் சொன்னாள்.

எனக்கு அந்தப் பேச்சு வராது என்று சொன்னேனே. எத்தனையோ வருசம் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தும் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபட்டதில்லை. அன்றைக்கு அம்மா சொன்னது ஒரே ஒரு சொல்தான். அது எனக்குப் புரிந்தது.

வா.